கொடிமரத்தடியில் நிற்கிறவர்

கைய மட்டும் கம்பியில இருந்து எடுத்துறாத பிள்ள. ஆங், அப்படித்தான். யாரு சொல்லிக் குடுத்தாவளோ, நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காவ. இம்புட்டுக் கூட்டத்துல அங்கன இங்கன ஓடாம, நேரா வந்து கொடிமரத்துக் கம்பியப் பிடிச்சிக்கிட்டு எம்பக்கத்துல நின்ன பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு, இது விவரமான பிள்ளன்னு. நின்னதுக்கு அப்புறந்தான அழுத. மத்த பிள்ளைய மொதல்ல அழும், அப்புறந்தான் எங்க நிக்கோம்னு பாக்கும்.

பயப்படாத. மைக்ல சொல்லியாச்சு. அந்தா, ரிப்பன் குத்திக்கிட்டு நிக்காருல்லா, விழாக்கமிட்டி கிளாட்வின், அவரக் கூப்பிட்டு நாந்தான சொன்னேன். "தர்ஷினி, வயசு ஆறு, பச்சப் பாவாட, தகப்பனார் பேரு இசக்கிமுத்து, கொடிமரத்தடியில நிக்கா." கேட்டுச்சுல்லா? அவரு அம்மா பேரக் கேட்டாரு. அம்மா பேரு எதுக்குப்பா, தகப்பன் பேரு போதும், சொல்லுன்னுட்டேன். எந்த ஊருன்னு கேட்டா நீ "ரெண்டு பஸ்ஸு"ங்க. ரெண்டு பஸ்ஸுன்னு ஒரு ஊரு இருக்கா? சிரிக்கியா? சிரி. சிரிச்சா நல்லாத்தான் இருக்க.

சப்பரம் வருதுல்லா, அதான் சுணக்கம். ரோட்டுக்குக் குறுக்க கயித்தக் கட்டிட்டாவ. அந்தப் பக்கம் நிக்கிற ஆளு இந்தப் பக்கம் வர முடியாது. மாதா நம்மளத் தாண்டிக் கடக்கரைப் பக்கம் திரும்பினப் பெறகுதான் அவுப்பாவ. ராட்டினத்துக்காரன் வேற பாட்ட அலற விட்டிருக்கான். மைக்ல சொல்லுதது பக்கத்துல நிக்கிற எனக்கே பாதிதான் காதுல விழுது. ஒங்கம்மா அங்கன நின்னு தவிச்சிக்கிட்டு இருப்பா. இருக்கட்டும். வந்துருவா.

அதுவரைக்கும் யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது. மிட்டாய் தாரேன், பலூன் தாரேன், என்ன சொன்னாலும் போகக் கூடாது. நான் கூப்பிட்டாலும் வரக் கூடாது. நான் கூப்பிட மாட்டேன், நான் இந்த இடத்த விட்டு நகர மாட்டேன், அது வேற விசயம்.

கதை சொல்லவா?

ஒன்னைய மாதிரி ஒரு பிள்ள இருந்தா. பேரா? அவ பேர நான் சொல்லுததில்ல. சொல்லி எட்டு வருசமாச்சு. பிள்ளன்னே வச்சிக்கிடுவோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு அம்மா, அவ பேரு சலேத். ஒரு அப்பா. ஐஸ் ஆலையில வேலை. மீனுக்குப் போடுத ஐஸு, ஒன் உயரத்துக்கு ஒரு பாளம் இருக்கும். மீன் பிடிக்கிற போட்டு கடலுக்குப் போனா ஆலை ஓடும், போகலைன்னா ஆலை படுத்துக்கிடும். படுத்துக்கிட்டா அந்த அப்பன் என்ன செய்வான்? பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊரு சுத்துவான். அந்த அப்பன் நாந்தான், வேற யாரு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா பார்க்கு. பொழுது சாய்ஞ்சா கடக்கரை. திருவிழா வந்தா பத்து நாளும் இங்கனதான். சலேத்து தூக்குச்சட்டியில எலுமிச்சங்கா சோறு கிண்டுவா, அப்பளம் பொரிச்சு தனியா ஒரு டப்பாவுல போடுவா. விரிக்க ஒரு பெட்ஷீட்டு. நீலக் கலரு, ஓரத்துல ரோசாப்பூ போட்டிருக்கும். இந்தா, இந்தப் பைக்குள்ள இருக்கு பாரு. இன்னும் அதத் தூக்கிக்கிட்டுத்தான் வாரேன். விரிக்கதில்ல. ஒத்த ஆளுக்கு எதுக்கு பெட்ஷீட்டு, ஆனா எடுக்காம வந்தா கை சும்மா இருக்க மாதிரி இருக்கு.

போற எடத்துல எல்லாம் நான் மொதல்ல ஒரு இடம் குறிப்பேன். பார்க்குல சிமெண்ட்ல ஒட்டகச்சிவிங்கி ஒண்ணு இருக்கும், அதோட முன்னங்காலு. கடக்கரையில கலங்கரைவிளக்குக்குப் போற படி, மொதப் படி. திருவிழாவுல கொடிமரம். "பிரிஞ்சிட்டா தேடக் கூடாது. காணாமப் போன ஆளு வந்து இங்கன நிக்கணும். ஒரு கை கம்பியில இருக்கணும். அப்பா வந்து தொடுற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது." இதுதான் சட்டம். ரெண்டு பேரும் தேடுனா ரெண்டு பேரும் சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான், ஒருத்தர ஒருத்தர் பாக்கவே முடியாது. வெளங்குதா? ஒனக்கு வெளங்கும், நீதான் கையவே எடுக்க மாட்டேங்கியே.

ஒரு திருவிழாவுக்கு, பிள்ளைக்கு அப்ப ஏழு வயசு, காணாமப் போயிட்டா. சலேத்து எங்கிட்ட இருக்கான்னு நெனச்சா. நான் சலேத்துகிட்ட இருக்கான்னு நெனச்சேன். அப்ப இங்கன மரணக் கிணறு போட்டிருந்தாவ. நீ பாத்திருக்கியா? கிணறு மாதிரி பலகையில கட்டி, உள்ள சுவத்துல மோட்டார் சைக்கிள ஓட்டுவான், கைய விட்டுட்டு ஓட்டுவான். நான் ஆலைக் கூட்டாளியோட அதுக்குப் போயிட்டேன். ஒரு ஆட்டம் பாத்தோம். நல்லாருந்துச்சு, இன்னொரு ஆட்டம் பாத்தோம். வெளிய வந்தா சலேத்து தலைவிரிகோலமா நிக்கா. பிள்ள எங்கன்னு கேக்கா. எனக்குப் பதட்டமே இல்ல. கொடிமரத்துல நிப்பான்னேன். வந்தா நிக்கா. மூணு மணி நேரம். ஒத்தப் பிள்ள, ஒத்தக் கையால இந்தா இந்தக் கம்பியப் பிடிச்சிக்கிட்டு மூணு மணி நேரம் நின்னுருக்கா. ஊரே மெச்சிச்சு. தஸ்நேவிஸு பிள்ளைய வளத்திருக்காம் பாருன்னு. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். அம்புட்டுத்தான் கதை.

நல்லாருக்கா? பெறகு என்னாச்சுன்னு கேக்கியா? பெறகு பெருசாயிட்டா. பெருசானா எல்லாரும் பண்ணுததப் பண்ணுனா. படிக்கப் போன எடத்துல ஒருத்தனப் பாத்து வச்சிக்கிட்டா. நம்ம ஆளு இல்ல, நம்ம வேதமும் இல்ல. திருநெல்வேலிப் பக்கம் என்னமோ ஒரு ஊரு. பேரக்கூட நான் கேட்டுக்கிடல. சலேத்து சொல்ல வந்தா, அவன் பேரு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டேன். கலியாணத்துக்கும் போகல. போறப்ப அவ வாசல்ல நின்னு சொல்லுதா, "நீங்க வந்து கூப்பிட்டா நான் வாரேம்ப்பா"ன்னு. நான் வந்து கூப்பிடணுமாம். தொலைஞ்சு போனது யாரு, அவ. அப்ப யாரு வரணும்? நீயே சொல்லு பிள்ள. காணாமப் போன ஆளுதான வந்து நிக்கணும்? சின்ன வயசுல இருந்து சொல்லிக் குடுத்த சட்டந்தான?

அதான் வருசா வருசம் வாரேன். கொடி ஏத்துன அன்னைக்கு வந்து, கொடி எறக்குற அன்னைக்கு வரைக்கும், சாயங்காலம் ஆனா இங்கன வந்து நிக்கேன். அவ திருவிழாவுக்கு வாரான்னு ஆளுக சொல்லுதாவ. வரட்டும். வந்து நிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், கூட்டிட்டுப் போயிருவேன். எட்டு வருசம் ஆச்சு. இந்தப் பக்கம் தலைகாட்டல. ஒரு தடவை திரும்பிக்கூடப் பாக்கல.

சலேத்து செத்த அன்னைக்கு வந்தா. வராம இருப்பாளா. நாலு வருசம் ஆச்சு. கால்மாட்டுல நின்னா, நான் தலைமாட்டுல நின்னேன். நடுவுல சலேத்து கெடந்தா. தோள்ல ஒரு பிள்ள துணியச் சுத்திக் கெடந்துச்சு. ஆணா பெண்ணான்னு நான் கேக்கல. அவ ஏதாவது பேசுவான்னு பாத்தேன். நான் ஏதாவது பேசுவேன்னு அவ பாத்திருப்பா போல. கல்லறையில மண்ணு போட்டுட்டுத் திரும்பிப் பாக்கேன், ஆளக் காணோம்.

என்ன? என்ன சொன்ன?

நான் காணாமப் போயிட்டேனாவா?

இது நல்லாருக்கே. நான் எதுக்குப் பிள்ள காணாமப் போறேன்? இந்த ஊருல பொறந்து இந்த ஊருல கெடக்கேன், எந்தச் சந்துல எந்த நாயி படுத்திருக்குன்னு எனக்குத் தெரியும். கம்பியில கை வச்சிருக்கேனா? இது சும்மா. வயசாயிட்டுல்லா, பிடிக்காம நின்னா காலு தள்ளாடுது. காணாமப் போயிட்டேனாம். சின்னப் பிள்ளைய என்ன கேக்கணும்னு இல்லாம கேக்குது.

என்னையக் காணோம்னு தேடுததுக்கு யாரு இருக்கா? அதச் சொல்லு மொதல்ல.

போன மாசம் அந்தப் பார்க்குக்குப் போனேன். சலேத்து போன பெறகு ஞாயித்துக்கிழமை எனக்கு ஆவ மாட்டேங்குது. மத்த நாளு ஓடிரும், ஞாயித்துக்கிழமை மட்டும் உக்காந்துக்கிட்டே இருக்கும். சரி, போய் ஒட்டகச்சிவிங்கிகிட்ட உக்காந்துட்டு வருவோம்னு போனா, புது வாட்ச்மேன் வாசல்லயே நிப்பாட்டிட்டான். "ஒங்ககூட பிள்ளைங்க யாரும் இல்லையா?"ங்கான். இல்லன்னேன். "பிள்ளைங்களோட வந்தாத்தான் உள்ள விடணும், ஒத்த ஆளா வந்தா விடக் கூடாதுன்னு உத்தரவு"ங்கான். அவன் மேல தப்பு இல்ல. காலம் அப்படி இருக்கு. எம்பிள்ள உள்ள வெளையாடிக்கிட்டு இருந்தா நானும் அதத்தான் சொல்லிருப்பேன். ஆனா பாரு, வேலிக்கு வெளிய நின்னு எட்டிப் பாத்தேன். ஒட்டகச்சிவிங்கிக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சிருக்காவ. காலுகிட்ட யாரோ ஒரு குடும்பம் பெட்ஷீட்ட விரிச்சு உக்காந்திருக்காவ. அந்தப் பொம்பள தூக்குச்சட்டியத் தொறக்கா. வீட்டுக்கு வந்து அன்னைக்குச் சாப்பிடல.

ஏ பிள்ள. என்ன, காலச் சேத்து வச்சி நெளியுத? ஒண்ணுக்கு வருதா? மொதல்லயே சொல்லக் கூடாதா. அந்தா பந்தலுக்குப் பின்னால கமிட்டிப் பொம்பளைய நிக்காவ, கூப்பிட்டா கூட்டிட்டுப் போவாவ. கைய எடுக்க மாட்டியா? தாத்தா சொல்லுதேன், எடுத்துக்கோ, ஒண்ணும் ஆகாது. மாட்டியா? அம்மா வந்து தொட்டாத்தான் எடுப்பியா? இது என்ன பிடிவாதம்.

ஐயய்ய. சரி. சரி, விடு. ஆயிப்போச்சு. அழாத. என்ன இப்ப, தண்ணிதான. யாரும் பாக்கல, எல்லாரும் மாதாவப் பாக்காவ. இந்தா, தாத்தா துண்டு. காலத் தூக்கு. இடுப்புல சுத்தி விடுதேன், ஒரு முடிச்சு. கைய நீ எடுக்க வேண்டாம், இருக்க மாதிரியே இரு. ஆங், பாத்தியா? வெள்ளத் துண்டு, செவப்புக் கரை. பாவாடைக்கு மேல பாவாட. இந்தத் திருவிழாவுல ஒனக்கு மட்டுந்தான் ரெண்டு பாவாட. செருப்பக் கழட்டு, நனைஞ்சிருக்கு. ம்.

என்ன சொல்லுத? சத்தமாச் சொல்லு, ராட்டினத்துக்காரன் காதக் கிழிக்கான். அம்மா அடிக்க மாட்டாங்களா? ஆமா, எதுக்கு அடிக்கப் போறா, இதுக்கெல்லாம் யாராவது அடிப்பாவளா?

என்னது?

இன்னொரு தடவ சொல்லு.

ஒங்கம்மாவும் சின்னப் பிள்ளையில இங்கனதான் காணாமப் போயிட்டாங்களாமா? அவங்கப்பா வந்து எல்லார் முன்னாலயும் அடிச்சாங்களாமா? அதனால ஒங்கம்மா ஒன்னைய அடிக்க மாட்டாங்களாமா?

யாரு பிள்ள சொன்னா ஒனக்கு? அம்மாவா. ம். அம்மாதான் சொல்லிருப்பா.

இரு, தாத்தா கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன் இந்தப் படியில. இல்ல, போகல. கம்பியப் பிடிச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன், பாரு.

நான் சொன்ன கதையில கொஞ்சம் விட்டுப்போச்சு பிள்ள. தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போனேன்னு சொன்னேன்லா, அதுக்கு முந்தி. அவ நனைஞ்சு நின்னா. புதுக் கவுனு, சலேத்து தச்சது. மூணு மணி நேரம் நின்னா என்ன செய்யும் பிள்ள? நகரக் கூடாதுன்னு நாந்தான சொன்னேன். கூட்டாளி நாலு பேரு கூட நின்னாவ. ஒருத்தன் சிரிச்சான். எனக்குக் கோவம் வந்துட்டு. அவன அடிக்க முடியுமா? இவள அடிச்சேன். கன்னத்துல, ஒரு அடி. அவ அப்பவும் கம்பியில இருந்து கைய எடுக்கல. நான் அடிச்சிட்டேனே தவிர தொடலைன்னு நெனச்சாளோ என்னமோ. சலேத்து வந்து கைய உருவி எடுத்தா. எனக்கு மறக்கல, பிள்ள. நான் மறந்துட்டேன்னுதான் இம்புட்டு நாளும் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவ வீட்ட விட்டுப் போனது அவனுக்காகத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லுதேன். அந்த அடியில இருந்தே கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டான்னு எனக்குத் தெரியும்.

அன்னைக்கும் எந்தோள்ல துண்டு கெடந்துச்சு. இப்பச் சுத்தி விட்டேம் பாரு, இதே மாதிரி சுத்தி விட்டிருக்கலாம். எனக்குத் தோணல.

ஒங்கம்மா பேரு என்ன பிள்ள?

மொதல்லயே கேட்டாரு கிளாட்வின். நாந்தான் வேண்டாம்னேன்.

ஜெசிந்தா.

ஆமா. ஜெசிந்தா. இசக்கிமுத்துங்கதுதான் அவன் பேரா. எட்டு வருசம் கேக்க மாட்டேன்னு இருந்தேன், இன்னைக்கு நானே ஊரு பூரா மைக்ல சொல்ல வச்சிருக்கேன். நல்ல பேருதான். நல்லா வச்சிக்கிடுதானா ஒங்கம்மாவ? ஒன்னையத் தோள்ல தூக்குவானா? தூக்குவான், ஒன்னையப் பாத்தாலே தெரியுது.

பிள்ள, நான் ஒண்ணு சொல்லுதேன். கிளாட்வின இங்கன வந்து நிக்கச் சொல்லுதேன். நல்ல மனுசரு, அவருக்கும் பிள்ளைய இருக்கு. ஒங்கம்மா வார வரைக்கும் அவரு பாத்துக்கிடுவாரு. தாத்தாவுக்கு வீட்டுல ஒரு வேலை இருக்கு. துண்டு இருக்கட்டும், நீயே வச்சிக்கோ. எங்கிட்ட வேற துண்டு இருக்கு. யாரு குடுத்தான்னு அம்மா கேட்டா, யாரோ ஒரு ஆளுன்னு சொல்லு.

ஏன் பிள்ள என் வேட்டியப் பிடிக்க? இன்னொரு கையால இதையும் பிடிச்சிக்கிட்டா எப்படி. விடு. என்ன? நான் போகக் கூடாதா? யாரு சொன்னா?

அம்மா சொன்னாங்களா.

"கொடிமரத்துல செவப்புக் கரைத் துண்டு போட்ட ஒரு தாத்தா நிப்பாரு. காணாமப் போயிட்டா ஓடிப்போய் அவர் பக்கத்துல நின்னுக்கோ. அவரு எங்கயும் போக மாட்டாரு." இப்படியா சொன்னா? இன்னைக்குத்தான் சொன்னாளா? வருசா வருசம் சொல்லுவாளா? பஸ்ஸ விட்டு எறங்கினதும் தூரத்துல இருந்து காட்டுவாளா.

எட்டு வருசமா இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கலைன்னு சொன்னேன்லா. அது தப்பு பிள்ள. நாந்தான் பாக்கல. அவ வந்து நிப்பா நிப்பான்னு இந்தப் படியையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவ அங்கன, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு என்னையப் பாத்துட்டுப் போயிருக்கா. நான் இருப்பேன்னு நம்பித்தான் ஒனக்கு இந்த இடத்தச் சொல்லிக் குடுத்திருக்கா.

கிளாட்வின். ஏ கிளாட்வின். இல்லப்பா, நான் அங்க வர முடியாது, நீ இங்க வா. ஒரு அறிவிப்பு மாத்திச் சொல்லணும். தகப்பன் பேர மட்டும் சொன்னது தப்பு. "ஜெசிந்தா அவர்களே, ஒங்க மக தர்ஷினி கொடிமரத்தடியில இருக்கா"ன்னு சொல்லு. ஜெ, சி, ந், தா. இன்னொண்ணும் இருக்கு, அதையும் எழுதிக்கோ. "தஸ்நேவிஸ், வயசு அறுபத்தெட்டு, வெள்ளை வேட்டி, நீலப் பை. காணாமப் போயிட்டாரு. மக பேரு ஜெசிந்தா. அவரும் கொடிமரத்தடியில நிக்காரு." ஏன் என்னைய அப்படிப் பாக்க? சின்னப் பிள்ளையள மட்டுந்தான் சொல்லணும்னு கமிட்டியில தீர்மானம் போட்டிருக்கா? நான் கிறுக்குப் பிடிச்சுப் பேசல. போய்ச் சொல்லு. அந்த ராட்டினத்துக்காரன ரெண்டு நிமிசம் பாட்ட நிப்பாட்டச் சொல்லிட்டுச் சொல்லு.

கேக்குதா பிள்ள? ஒம் பேரு. ஒங்கம்மா பேரு. இந்தா, எம் பேரு. எல்லாரும் இங்கன திரும்பிப் பாக்காவ. பாக்கட்டும்.

சப்பரம் தாண்டிட்டு. கயித்த அவுக்காவ. எனக்குத் தூரத்துல ஆளு அடையாளம் தெரியாது, நீதான் பாத்துச் சொல்லணும். என்ன சேலை கட்டியிருந்தா ஒங்கம்மா? கத்திரிப்பூக் கலரா. வாராளா? எந்தப் பக்கம்? ஓடி வாராளா? நீ ஓடாத. கைய எடுக்காத. அவ வந்து தொடட்டும். ஒன்னைய மொதல்ல தொடட்டும்.

நானும் எடுக்கல, பாரு.